செவிடன் மலையடியில் நூற்றுப் பதினெட்டு

மெங்கியாவுக்கு லைசென்ஸ் இன்னொரு தடவை போனால் பஸ்ஸும் சேர்ந்து போய்விடும். பிராத்சுரா ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரொட்டிக் கடைக்காரிக்குத் தெரியும், பாதிரியாருக்குத் தெரியும், அவளைப் பிடித்த போலீஸ்காரன் தூரிக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காக, ஆட்களையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு போகும் மஞ்சள் தபால் பஸ்ஸைக் கணவாய்க்கு ஏற்றி இறக்குகிறவள். பஸ்ஸில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் தன் சின்னச் சிவப்புக் காரில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் அந்தப் பெண்ணுக்கு என்ன பேய் பிடிக்குமோ! பனி உருகி சாலை திறந்த புதிதில், 'நாடா' என்று ஊரார் சொல்லும் நேர்சாலையில், எண்பதில் போக வேண்டிய இடத்தில் நூற்றுப் பதினைந்தில் பறந்து மாட்டிக்கொண்டாள். மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை. அந்த மூன்று மாதமும் பணிமனையில், மற்றவர்கள் ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்திய பஸ்களைக் கழுவினாள். இதே மாதிரி இரண்டாவது முறை பிடிபட்டால் ஒரு வருஷம், அதில் பேரமே கிடையாது. கழுவுவதற்கென்று ஒரு வருஷம் ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பஸ் போனால் அவளுக்கு என்ன இருக்கிறது? ஓட்டலில் தட்டு கழுவலாம். அதை யாராவது சொன்னாலே எழுந்து போய்விடுவாள். அதனால் கோடை முழுக்க அவள் கார் ஓட்டிய அழகைப் பார்க்க வேண்டுமே! முள் எண்பதை எட்டிப் பார்த்தாலே காலை எடுத்துவிடுவாள். ஒரு நாள் தபால்காரர் சைக்கிளில் அவளை முந்திக்கொண்டு போய்த் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

தூரி அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் அவனுக்கு உற்றாரும் ஒன்றுதான், ஊர்பேர் தெரியாதவனும் ஒன்றுதான். சொந்த மாமனாரையே நிறுத்தி அபராதம் எழுதினான். எழுதிவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டு விருந்துக்கும் போனான். பார்லி சூப் கிடைத்தது. மாமியார் அதில் இறைச்சித் துண்டு ஒன்றுகூடப் போடவில்லை, அவ்வளவுதான்.

லைசென்ஸ் போவதற்கு முன்னால், ஐந்து பத்து கூடப் போய் அபராதத்தோடு தப்பிய போதெல்லாம், மெங்கியா ஒரு கதை வைத்திருப்பாள். அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன் என்பாள். பக்கத்து வீட்டுப் பசுவுக்குக் கன்று தலைகீழாக வருகிறது என்பாள். தூரி பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, தொகையை எழுதிக் கையில் கொடுப்பான்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் உண்டு. போலீஸ் ரேடார் வைத்திருக்கிறது என்று எதிரே வருகிறவனுக்குத் தெரிவிப்பது குற்றம். குற்றம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனாலும் முகப்பு விளக்கை இரண்டு தடவை வெட்டிக் காட்டாமல் போகிறவனை ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். விளக்கு வெட்டியதும் எதிரே வருகிறவன் காலைத் தளர்த்துவான். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கி நன்றி சொல்வான். பிறகு பூசைக்குப் போகிறவன் முகத்தோடு ஊர்ந்து போவான். நாடாவின் கீழ்முனையில் இருக்கும் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் தூரி கால் கடுக்க நின்றாலும், வருகிற வண்டியெல்லாம் மாதா ஊர்வலம் மாதிரியே வரும். இந்த விளக்கு வெட்டுகிற கலையில் மெங்கியாவை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளே இல்லை.

செப்டம்பரில் ஒரு பிற்பகல். மெங்கியாவுக்கு அன்றைக்கு விடுமுறை. கணவாய் உச்சியில் விடுதி நடத்தும் தங்கை வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வால்நட் கேக் ஒரு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள். மேல் வளைவுகளில் கடைசி வளைவைத் திரும்பினால் செவிடன் மலை முழுசாகத் தெரியும். நாடாச் சாலைக்கு மேலே நெட்டுக்குத்தாக நிற்கும் சாம்பல் நிறப் பாறை முகம் அது. எவ்வளவு கத்தினாலும் எதிரொலி தராது, அதனால் அந்தப் பெயர். பனி உருகும்போது கொஞ்சம் கல் உதிர்க்கும். "செவிடன் தும்முறான்" என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கும்.

அன்றைக்கு அவள் முதலில் பார்த்தது காட்டாடுகளை. ஒரு மந்தை முழுசாக, குட்டிகளோடு, சரிவிலிருந்து தடதடவென்று இறங்கிச் சாலையைக் கடந்து ஓடியது. மனித வாடை பட்டாலே மேலே ஏறிவிடும் ஜாதி. பட்டப்பகலில், அவள் காருக்கு முன்னாலேயே, காரை ஏறிட்டும் பார்க்காமல் கீழே ஓடின. மெங்கியா காரை நிறுத்தி இன்ஜினையும் அணைத்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மாடி வீட்டில் யாரோ கனமான பீரோக்களைத் தரையோடு இழுத்து நகர்த்துவது மாதிரி. ஆனால் மேலே மாடி எங்கே இருக்கிறது? மலைதான் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தாள். செவிடனின் தோளில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. காலையில் ஏறிப் போனபோது அது இல்லை, அவள் சத்தியம் செய்வாள். பாறை நடுவில், எந்தக் காலத்திலும் தண்ணீர் பார்க்காத இடத்தில், அழுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு அகலமானது. மலை முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், தன் பாட்டுக்கு. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு ஏதோ, பூசை நடுவே தெரியாமல் கோயிலுக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம்.

செல்போனை எடுத்தாள். அந்த வளைவுகளில் என்றைக்குச் சிக்னல் இருந்திருக்கிறது? கீழே எட்டிப் பார்த்தாள். ஊர்க்கோடியில் மஞ்சளாக ஒரு புள்ளி புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. பிளாச்சி ஓட்டும் பஸ். அந்தப் பையன் நேரம் தவறினால் உலகம் நின்றுவிடும் என்று நினைக்கிறவன். சரியான நேரத்துக்கு நாடாவுக்குள் நுழைந்துவிடுவான்.

"கடவுளே!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினாள்.

நாடாவின் மேல்முனையில் அவள் நுழைந்தபோது, எதிரே மாட்டு வைத்தியர் துமாஷின் ஜீப் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. மெங்கியா விளக்கை வெட்டினாள். விடாமல் வெட்டினாள். ஹாரனையும் அமுக்கிப் பிடித்தாள். பஸ்ஸில் இருந்திருந்தால் அந்த மூன்று சுரக் குழலை ஊதியிருப்பாள். அந்தக் குழல் கேட்டால் மலைச்சாலையில் யாராக இருந்தாலும் அடங்குவார்கள், பஸ் ஓட்டுநர் கை காட்டினால் நின்றே ஆக வேண்டும், அது சட்டம். இந்தச் சின்னக் காரின் ஹாரனோ பூனை தும்மியது போல இருந்தது.

துமாஷுக்குப் புரிந்தது. புரிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். உடனே வேகத்தைக் குறைத்தார். இரண்டு விரலைத் தூக்கினார். நல்லா இருடி பெண்ணே என்கிற மாதிரி ஒரு சிரிப்பும் சிரித்தார். சிரித்துவிட்டு, சரியாகச் செவிடனின் நெஞ்சுக்கு நேர் கீழே, மாட்டு வண்டி வேகத்தில் ஊர ஆரம்பித்தார்.

"யோவ் மாட்டு டாக்டர்! போய்த் தொலையேன்யா! வேகமா போ!" என்று கண்ணாடிக்குள் கத்தினாள். யாருக்குக் கேட்கும்? பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஜீப் அப்படியே நிற்பது மாதிரி இருந்தது.

அடுத்து ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது, கீழ்நாட்டு நம்பர். பழக்க தோஷத்தில் கை தானாகப் போய் அதற்கும் விளக்கை வெட்டிவிட்டது. அந்தக் காரும் குறைத்தது. ஓட்டிய அம்மாள் கட்டைவிரலைக்கூடத் தூக்கிக் காட்டினாள். இவர்களைக் காப்பாற்றுகிறேன் என்று, விழப்போகிற மலைக்குக் கீழே ஒவ்வொருவரையாகப் பிடித்து மெதுவாக நடக்க வைத்துக்கொண்டிருக்கிறாளே! வேறு எந்த ஊரிலாவது விளக்கைக் காட்டினால் என்னவோ ஏதோ என்று நிற்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும்தான் நன்றி சொல்வார்கள். அந்தப் பழக்கத்தை ஊருக்கெல்லாம் பழக்கிவிட்டதில் அவளுக்குப் பெரிய பங்கு உண்டு.

திரும்பிப் போய் அவர்களிடம் சொல்லலாமா? அவர்கள் ஏறுகிறவர்கள், மெதுவாகவாவது தாண்டிவிடுவார்கள். பஸ் அப்படியில்லை. நிறைய ஆட்களோடு உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அதை எதிரே பார்த்துக் கை காட்டினால் பிளாச்சி நிற்பானா? அவனும் இரண்டு விரலைத் தூக்குவான். தூக்கிவிட்டு, நேரம் தவறாமல், எண்பதுக்குள் போவான். அந்தப் பள்ளத்தாக்கில் நட்டநடு சாலையில் பஸ்ஸை நிறுத்தக்கூடிய கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தூரியின் கை. கொட்டகைக்குப் பின்னால் அவன் இன்றைக்கு நிற்கிறான் என்று தங்கை வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். பஸ் அவனைத் தாண்டுவதற்குள் அவள் அவனிடம் போய்ச் சேர வேண்டும்.

காலை அமுக்கினாள். கால் தானாகப் போயிற்று என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் அமுக்கினாள். லைசென்ஸ் போகிறது, பஸ் போகிறது, தட்டு கழுவப் போகிறோம் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துதான் அமுக்கினாள். முள் எண்பதைத் தாண்டியது, நூறைத் தாண்டியது. காரின் கூரையில் பொடிக்கற்கள் விழுந்து பொரிந்தன. இடது காதுக்கு மேலே முழு மலையும் இருப்பது, பார்க்காமலே, தோலில் தெரிந்தது. இத்தனை வருஷம் அதற்குக் கீழே போய் வந்திருக்கிறாள், ஒரு நாளும் அதன் எடையை நினைத்ததில்லை. வால்நட் கேக் பொட்டலம் சரிந்து காலடியில் விழுந்து உருண்டது.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து தூரி வெளியே வந்தான். கையில் சிவப்பு விளக்குத் தட்டு. முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. மெங்கியா பிரேக்கை மிதித்து, கார் கோணலாகச் சறுக்கி நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

"நூத்திப் பதினெட்டு," என்றான் தூரி. "உனக்கு மூளை கீளை இருக்கா மெங்கியா? போன தடவ பட்டது பத்தலையா?"

"ரோட்ட மூடு தூரி! செவிடன் விழுறான்!"

தூரி பெருமூச்சு விட்டான். "அடுப்பு ஆச்சு. பசுமாடு ஆச்சு. இன்னிக்கு மலையே வந்துருச்சா?"

"டேய், கண்ணால பார்த்தேன்டா! தோள் பிளந்து வருது. காட்டாடெல்லாம் ஓடிருச்சு. தண்ணி பீச்சுது."

"அவன் தும்முறது புதுசா? நான் காலைலேர்ந்து இங்கதான் நிக்கிறேன்." அவன் நின்ற இடத்திலிருந்து கொட்டகையும் மேட்டுப் பைன் மரங்களும் மறைத்து மலையின் தோள் தெரியாது. "எறங்கு. ஓரமா நில்லு."

கீழே வளைவில் இன்ஜின் சத்தம் கேட்டது. பஸ் வந்துவிட்டது. எத்தனை பொய் சொல்லியிருக்கிறாள் இவனிடம்! இப்போது உண்மையைச் சொல்ல வேறு வார்த்தை ஒன்றுமே மிச்சம் இல்லை. அவள் காருக்குள் குனிந்து, கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, லைசென்ஸை எடுத்து அவன் சட்டைப் பையில் திணித்தாள்.

"இந்தா. எடுத்துக்கோ. நீ கேக்கவே வேணாம். ஒரு வருஷம், ரெண்டு வருஷம், எவ்வளவு வேணுமோ வெச்சுக்கோ. பஸ்ஸ மட்டும் நிறுத்துடா. உன் கால்ல விழுறேன்."

தூரி அவளைப் பார்த்தான். பிடிபட்ட யாரும் இதுவரை தாமாக லைசென்ஸை எடுத்துக் கொடுத்ததில்லை. அதிலும் மெங்கியா போன தடவை அதை ஒப்படைத்தபோது, பிடியை விடவே அவளுக்கு அரை நிமிஷம் ஆயிற்று. அவன் திரும்பி, சாலை நடுவில் போய் நின்று, சிவப்புத் தட்டை உயர்த்தினான்.

பஸ் மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. பிளாச்சி ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினான்.

"நான் நாப்பதுலதான் வர்றேன்! மெஷின வேணா பாருங்க!"

"வேகத்துக்கு இல்ல. கொஞ்ச நேரம் நில்லு."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு? கணவாய்க்கு அந்தப் பக்கம் ரயில் புடிக்கப் போற ஆளுங்க இருக்காங்க. தபால் பஸ்ஸ நிறுத்தறதுக்குக் காரணம் வேணும் தூரி."

"காரணம் இவ. செவிடன் விழுறான்னு சொல்றா," என்றான் தூரி, மெங்கியாவைக் காட்டி.

பஸ் நிறைய நடைப்பயணச் சங்கத்துக்காரர்கள். ஓய்வு பெற்றவர்கள், கையில் கோல், காலில் விலை உயர்ந்த பூட்ஸ். ஒரு கிழவர் இறங்கி வந்து, மலை எங்கே விழுகிறது, எனக்கும் காட்டுங்கள் என்றார். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "வேகமா வந்து மாட்டிக்கிச்சு, இப்ப கத கட்டுது" என்று பக்கத்துக்காரியிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பஸ்ஸுக்குப் பின்னால் மேலும் சில வண்டிகள் வந்து சேர்ந்து ஹாரன் அடித்தன. மெங்கியா யாரையும் பார்க்கவில்லை. விழாமல் போய்விட்டால்? இப்படியும் ஒரு எண்ணம் வந்தது. விழாவிட்டால் நல்லதுதானே! ஆனால் அவள் கதி? அந்த எண்ணம் வந்ததற்கு அவளுக்கே தன் மேல் ஆத்திரம் வந்தது. விழாமலே இருக்கட்டும், நான் பைத்தியக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். துமாஷ் இன்னும் அங்கேதானே ஊர்ந்துகொண்டிருப்பார்?

தூரி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மெங்கியா, என்னால ரொம்ப நேரம்..." என்று தொடங்கினான்.

பறவைச் சத்தம் நின்றிருந்தது. அதை எல்லோரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள் போலிருக்கிறது, ஹாரன்களும் ஓய்ந்தன.

பிறகு மரங்கள் நகர்ந்தன. மேட்டுக்கு அப்பால், நாடாவின் ஓரத்துப் பைன் காடு, நட்டமாக நின்றபடியே, ஒரு மரம்கூடச் சாயாமல், கூட்டமாகப் புறப்பட்டுக் கீழே நடந்து போனது. கொஞ்ச தூரம் போனபின்தான் எல்லாம் சேர்ந்து படுத்தன. அதற்குப் பின்னால் மலை வந்தது. விழுந்தது என்று சொல்வது தப்பு. விழுகிற பொருளுக்கு ஒரு அளவு இருக்கும். இது வந்தது. வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த ஒன்று தன் இடத்தை விட்டு இறங்கி, வீடளவு பாறைகளைக் குழந்தை பந்து உருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டு, சாலையைக் கடந்து, ஆற்றைக் கடந்து, எதிர்ச் சரிவில் பாதிவரை ஏறி, அங்கே யோசித்து நின்று, மறுபடி கொஞ்சம் பின்னால் வந்து படுத்தது. சத்தம் காதுக்குள் வரவில்லை, மார்புக்குள் வந்தது. பஸ்ஸின் கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து நடுங்கின. அதற்குப் பிறகு காற்று. கிழவரின் தொப்பி பறந்தது, கோல்கள் பறந்தன, தூரி ஒரு கையால் மெங்கியாவையும் ஒரு கையால் பஸ்ஸின் கண்ணாடித் தண்டையும் பிடித்துக்கொண்டான். தூசி வந்து எல்லோரையும் மூடியது. பகல் போய்விட்டது.

யாரும் கத்தவில்லை. கத்தத் தோன்றவே இல்லை. தூசிக்குள் யாரோ ஒருவர் மெதுவாக ஜெபம் சொல்ல ஆரம்பித்தார், நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் கூடவே சொன்னார்கள். மெங்கியாவும் சொன்னாள். இவ்வளவு பெரியது ஒன்று இத்தனை காலம் நம் தலைக்கு மேலே சும்மா நின்றுகொண்டிருந்ததே, அதைப் பார்த்துத் தும்முகிறான் என்று கேலி பேசிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தாள். அவளுடைய லைசென்ஸும் அபராதமும் பணிமனை மேலாளரும் அதன் முன்னால் கடுகளவுகூட இல்லை. அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டாள்.

தூசி கொஞ்சம் மெலிந்தபோது நாடா இருந்த இடத்தில் நாடா இல்லை. பிளாச்சி ஒருவன்தான் பேசினான். அவன் கைக்கடிகாரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்நேரம் நான் அங்க நட்ட நடுவுல இருந்திருப்பேன்," என்றான். "சரியா நடுவுல. நான் லேட்டே ஆனதில்ல தெரியுமா." இதைச் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து நடுங்க ஆரம்பித்தான்.

தூரியின் வண்டியில் ரேடியோ இரைந்தது. துமாஷ், விடுதியின் தொலைபேசியிலிருந்து, காவல் நிலையம் வழியாக. மெங்கியா எழுந்து ஓடினாள்.

"டாக்டர்! உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்டி அம்மா. நீ வெட்டின வெட்டுக்குப் பயந்து, ரேடார் எங்கடா வெச்சிருக்கான்னு பாறை, புதர், மரம் எல்லாத்தயும் தேடித் தேடி ஊர்ந்தேனா, தேடுறப்ப மேல பாத்துட்டேன். பாத்ததும் கொல நடுங்கிப் பறந்தேன். மேல் வளவுல ஜீப்ப குறுக்க போட்டு வர்றவனயெல்லாம் நிறுத்திட்டேன். அந்தச் சாம்பக் கார் அம்மாதான் என்ன விடுதிக்கு ஏத்திட்டு வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "ரேடார் உண்மையிலயே இருந்துச்சா?" என்று கேட்டார்.

மெங்கியா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மேலே மறுபடியும் பீரோ நகரும் சத்தம். செவிடனில் இன்னும் மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று பாறைகள் தனியாகப் புறப்பட்டு வந்து, கொட்டகைக்குக் கொஞ்ச தூரத்தில் விழுந்தன.

"எல்லாரும் பஸ்ல ஏறுங்க!" என்று தூரி கத்தினான். "ஊருக்கு எறக்கணும். பிளாச்சி, எடு வண்டிய!"

பிளாச்சி எழுந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். சாவியைத் திருப்பக் கை நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். "முடியல," என்றான், குழந்தை மாதிரி. அங்கிருந்து பஸ் திரும்ப இடம் கிடையாது, கீழே வளைவுகளில் பாதி தாண்டும்வரை பின்னாலேயே இறக்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்.

தூரி மெங்கியாவைப் பார்த்தான். மெங்கியா அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். சட்டம் தெரிந்தவர்கள் இரண்டு பேரும்.

தூரி பையிலிருந்து லைசென்ஸை எடுத்து, தூசியைத் தட்டி, அவள் கையில் வைத்தான். "நான் இன்னும் ஒண்ணும் எழுதல. எழுதற வரைக்கும் இது உன்னோடது. போ."

பின்னால் நின்ற வண்டிகளை அவன் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினான். மெங்கியா இருக்கையில் ஏறினாள். பஸ்ஸின் அடக்கமான உறுமல் காலுக்குக் கீழே வந்ததும் அவள் கை தானாகப் பின் கியருக்குப் போனது. பின்கண்ணாடியில் ஒரு கண், பள்ளத்தில் ஒரு கண். ஒரு சாண், இரண்டு சாண் என்று பின்னால் இறக்கினாள். வளைவுக்கு வளைவு அந்த மூன்று சுரக் குழலை ஊதினாள். தூசி நிறைந்த பள்ளத்தாக்கில் அந்தக் குழல் போய்ப் போய்த் திரும்பி வந்தது. செவிடன் நின்ற பக்கத்திலிருந்துகூடத் திரும்பி வந்தது. அதைக் கேட்டு அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பஸ்ஸில் ஒருவரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை. கதை கட்டுகிறாள் என்ற அம்மாள் முன் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் மெங்கியாவின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊருக்குள் பஸ்ஸை நிறுத்தியபோது மாதா கோயில் சதுக்கத்தில் எல்லோரும் வெளியே நின்றார்கள். முதலில் அவர்கள் பஸ்ஸைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயில் சுவரில் வெயில் அடித்தது. அந்த நேரத்துக்கு வெயில் செவிடனின் தோளுக்குப் பின்னால் போய்விடும், சதுக்கம் இருட்டிவிடும். கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். இன்றைக்குத் தோள் இல்லை. ரொட்டிக் கடைக்காரி கையை நீட்டி வெயிலில் வைத்துப் பார்த்தாள். பாதிரியார் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றிவிட்டார்.

தூரி இறங்கி வர நேரமாயிற்று. தலை முதல் கால் வரை மாவு பூசின மாதிரி வந்தான். மெங்கியா பஸ் படியிலிருந்து இறங்கி, அவன் கேட்பதற்கு முன்னால் லைசென்ஸை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"நூத்திப் பதினெட்டுன்னே எழுது," என்றாள். "எனக்காக ஒண்ணுகூடக் கொறைக்காத."

"கொறைக்க மாட்டேன்." அவன் குரல் கரகரத்தது. "ஆனா நீ எண்பதுல வந்திருந்தா பஸ் என்னத் தாண்டிப் போயிருக்கும்னும் எழுதுவேன். பிளாச்சி எந்த எடத்துல இருந்திருப்பான்னும் எழுதுவேன். மேல இருக்கறவங்க என்ன முடிவு பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது மெங்கியா. சத்தியமா தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்று சொல்லும்போதே அவள் உடைந்துவிட்டாள். "எனக்கு பஸ் வேணும்டா தூரி. வேற எதுவும் தெரியாதுடா எனக்கு."

தூரி லைசென்ஸைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். பிறகு தன் வண்டியின் முன் கதவைத் திறந்துவிட்டு, "ஏறு. வீட்டுல விடறேன்," என்றான். மெங்கியா போலீஸ் வண்டியில் ஏறுவதைச் சதுக்கமே பார்த்தது. ஒருவரும் ஒரு கேலியும் பேசவில்லை.

வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. பிராத்சுராவில் அந்த நேரத்தில் யாரும் வண்டியின் கண்மறைப்பை இறக்கியதே இல்லை. மெங்கியா இறக்கினாள், பிறகு மறுபடி மேலே தள்ளிவிட்டு, மலை இருந்த இடத்தில் தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஊருக்குள் ஐம்பதுதான் வேகம். தூரி ஐம்பதில்தான் ஓட்டினான். அவளும் சீக்கிரம் போகச் சொல்லவில்லை.